காந்தம் ஒட்டாத இடம்

ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த டிம்ப்னாவின் காதில் கொட்டகைக் கதவு இழுபடும் சத்தம் விழுந்தது. கத்தியைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். யாரென்று பார்க்கவே வேண்டாம். முன்னறையில் புருஷன் மேனஸ் சவப்பெட்டிக்குள் கிடக்கிறான், வீடு கொள்ளாத சனம் ஜெபமாலை சொல்கிறது, தம்பிக்காரனுக்குக் கார்தான் முக்கியம். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்!

யூனன் போர்வையை உருவிவிட்டு நின்றான். நீல நிற ஜப்பான் கார் புதுசுபோலப் பளபளத்தது.

"நாளைக்குச் சவ வண்டிக்குப் பின்னால இதுதான் முதல்ல போகணும் அண்ணி. நான்தான் ஓட்டுவேன். பாதி என்னோடது."

"உன் பாதி எதுன்னு எனக்குத் தெரியும். நொறுங்கிப் போன பாதி."

அண்ணனும் தம்பியும் ஆளுக்குப் பாதிப் பணம் போட்ட கார். ஜப்பானுக்குப் போய், அடியில் குனிந்து பார்த்ததாகச் சத்தியம் செய்து வாங்கி அனுப்பியவன் அவன்தான். கப்பலிலிருந்து இறக்கித் தூக்கிப் பார்த்தால், என்றோ மோதி நசுங்கிய அடிச்சட்டத்தைத் தகரம் போர்த்திக் கறுப்புப் பெயிண்ட் அடித்து மறைத்திருந்தார்கள். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. அதை அறுத்து அறுத்து வெல்டிங் வைத்தே மேனஸ் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டான் என்பது டிம்ப்னாவின் தீர்ப்பு. அதில் இன்றைக்கும் மாற்றமில்லை.

"அடக்கம் முடிஞ்சதும் அப்படியே எங்க வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடுறேன். சோர்க்கா கேட்டுக்கிட்டே இருக்கா. பந்தயத்துல விடப்போறாளாம்."

சோர்க்கா அவன் மகள். டிம்ப்னா மடியில் தூங்கி வளர்ந்தவள். அவள் இந்தக் காரிலா பந்தயம் ஓட்டுவது?

அயர்லாந்தின் இந்த டொனிகல் பக்கம் யார் ஜப்பான் கார் வாங்கினாலும் மேனஸைத்தான் கூப்பிடுவார்கள். கார் உடம்பு முழுக்கக் காந்தத்தை ஒட்டிக்கொண்டே போவான். அது எங்கே வழுக்கி விழுகிறதோ அங்கே இரும்பில்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய வெறும் பட்டி. "பட்டி பூசி விக்கிறவன் கொலைகாரன்" என்று முகத்துக்கு நேரே சொல்வான். அதே மேனஸ்தான் போன வருடம், நெஞ்சுவலியில் கீழே படுத்து வெல்டிங் வைக்க முடியாமல், முக்காலி போட்டு உட்கார்ந்து இடது கதவடியில் பட்டி பூசினான். டிம்ப்னாதான் விளக்குப் பிடித்தாள்.

"விக்கவா போறேன்? சும்மா நிக்கட்டும், அழகாப் பாத்துக்கிட்டிருப்பேன். வெளிய சொல்லிடாத" என்று கெஞ்சினான்.

சொன்னால் செத்தவன் பெயர் போச்சு. சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் உயிர்.

"தரமாட்டேன். உயிரோட இருந்தப்ப ஒரு நாள் எட்டிப் பாத்தியாடா?"

"வந்தேன். கதவத் தட்டினேன். நீ உள்ளேருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

உண்மைதான். பாவி, அதையும் பார்த்திருக்கிறான்.

டிம்ப்னா விறுவிறுவென்று உள்ளே போனாள். சனம் வழிவிட்டது. பெட்டிக்குள் கையை விட்டு, காலையில் தானே மேனஸின் கோட்டுப் பையில் வைத்த காந்தத்தை எடுத்து வந்து யூனன் கையில் திணித்தாள்.

"இடது கதவுக்கு அடியில வச்சுப் பாரு."

"எங்கண்ணன் வேலையிலயா?" என்று சிரித்துக்கொண்டே குனிந்தான்.

காந்தம் வழுக்கி சிமெண்டுத் தரையில் விழுந்தது. கொஞ்சம் தள்ளி வைத்தான். அங்கேயும் விழுந்தது. கறுப்புக் கோட்டு சூட்டோடு எண்ணெய்த் தரையில் மண்டியிட்டு, அந்த இடத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தான். கொலைகாரன் என்று இப்போது சொல்வான், சொல்லட்டும் என்று டிம்ப்னா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

வாசலில் புகைத்துக்கொண்டிருந்த ஒருவன் குரல் கொடுத்தான்: "என்னப்பா யூனன், நாளைக்கு இதுதான முன்னால?"

யூனன் காந்தத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டு எழுந்தான்.

"இல்ல. பேட்டரி செத்துக் கெடக்கு. என் வண்டிதான்."

"மேனஸ் வண்டிலயா?"

"ஊர் வண்டியெல்லாம் பாத்தவனுக்குத் தன் வண்டியப் பாக்க ஏதுய்யா நேரம்? போவியா!"

அவன் போனதும் யூனன் போர்வையை இழுத்து மூடினான். "சோர்க்காகிட்ட நான் பேசிக்கிறேன். அதுக்காக உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத."

"நான் கேட்டனா?"

முன்னறைக்குப் போய்க் காந்தத்தை அண்ணன் கோட்டுப் பையில் போட்டு, பையின் மூடியை விரலால் நீவிவிட்டான். அப்புறம் பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

காலையிலிருந்து அவனை மட்டும் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்த தேநீர் கடைசியில் அவனுக்கும் வந்தது. டிம்ப்னா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சர்க்கரை எவ்வளவு என்றும் கேட்கவில்லை, அவன் எப்போதும் குடிக்கிற அளவுக்குப் போட்டிருந்தாள்.