ஒன்பதாவது கேள்வி

ஆங்கில வகுப்பின் முதல் நாளே தாமதமாக வந்த சின்னவள், கதவருகில் அப்படியே நின்றுவிட்டாள். மூன்றாவது வரிசையில் புது நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள். புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டி, ஒரே வீட்டின் மாடியில் குடியிருப்பவள், மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவள்.

சின்னவள் வந்ததற்காவது ஒரு காரணம் இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம், "நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசக் கத்துக்கோம்மா, முன்னாடி கவுண்டருக்கு வந்துடலாம்" என்று முதலாளி சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு மடிக்கிற பெரியவளுக்கு எதற்கு இங்கிலீஷ்? விரிப்புகள் என்ன, அவளிடம் ஹலோ சொல்லவா போகின்றன? யோசித்து யோசித்து சின்னவளுக்கு மண்டை காய்ந்தது. கேட்கலாமென்றால் கேட்க வாயில்லை. இருந்த வாயை அவளே கெடுத்துக்கொண்டாள்.

அந்தக் கதை இதுதான். சின்னவளுடைய மகளுக்கு அப்போது நாலு வயது. தெருவே அவளை வாலு என்றுதான் கூப்பிடும். அம்மா வேலைக்குப் போனால் வாலு மாடியில்தான் இருப்பாள். பெரியம்மா ஊட்டினால்தான் சோறு இறங்கும், பெரியம்மா மடியில்தான் தூக்கம். ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. பதற்றத்தில் பெரியவள் போனைக்கூட எடுக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். வேலையிலிருந்து திரும்பிய சின்னவள், மேலேயும் கீழேயும் வீடு காலியாகக் கிடந்ததைப் பார்த்துப் பைத்தியம் பிடித்தவள்போல் அலைந்தாள். கடைசியில் பிள்ளையோடு வந்தவளைப் பார்த்து, "பெத்தவளுக்குத்தானே தெரியும் அந்த வேதனை? உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டாள்.

பெரியவளுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக ஏறி இறங்காத ஆஸ்பத்திரியும் இல்லை. அவள் பிள்ளையைக் கீழே விட்டாள், மருந்துப் பையை மேஜையில் வைத்தாள், மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எலும்பில்லாத நாக்கு, புரண்டுவிட்டது. அன்றைக்கே சின்னவளுக்கு நெஞ்சு சுட்டது. மன்னிப்புக் கேட்கலாமென்று எத்தனையோ தடவை மாடிப்படி ஏறினாள், பாதியிலேயே இறங்கினாள். நாள் போகப்போக வெட்கம் வீம்பாக மாறியது. வாலுவையும் மேலே விடுவதை நிறுத்திவிட்டாள். அண்ணன் தம்பி இரண்டு பேரும் மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி வாசலில் நின்று மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். கொடுத்துவைத்த ஜென்மங்கள்! அந்த ஒரு வார்த்தையை எப்படித் திரும்ப எடுப்பது என்பதுதான் சின்னவளுக்கு இன்னமும் தெரியவில்லை.

டீச்சர் மகா கறார். தமிழில் ஒரு சொல் வாயிலிருந்து விழக்கூடாது. பாடம், ஆங்கிலத்தில் நண்பர்களைச் சம்பாதிப்பது எப்படி. பெரியவளுக்குப் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாக இருந்ததால் சின்னவளை அங்கே தள்ளி, இன்றைக்குத்தான் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு பேசுங்கள் என்றாள்.

"நைஸ் டு மீட் யூ" என்றாள் பெரியவள், சுவரைப் பார்த்து.

"நைஸ் டு மீட் யூ டூ" என்றாள் சின்னவள், தன் செருப்பைப் பார்த்து.

பதினோரு வருஷ ஓரகத்திகள்! சிரிப்பதா அழுவதா என்று சின்னவளுக்கே புரியவில்லை. ஆனால் வாரம் போகப்போக ஒன்று புரிந்தது. ஆங்கிலத்தில் அவர்களுக்குள் சண்டையே நடந்திருக்கவில்லை. உனக்கு என்ன பிடிக்கும் என்று தைரியமாகக் கேட்கலாம். அக்காவுக்குத் தவளைச் சத்தம் பிடிக்குமாம். பள்ளிக்கூடத்தில் நீளம் தாண்டுவதில் முதல் பரிசாம். இந்த அக்காவா? நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே மூன்று தடவை முட்டியைத் தடவுகிறவளா? ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு இதையெல்லாம் தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று சின்னவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. புதன்கிழமை எப்போது வருமென்று காத்திருக்கத் தொடங்கினாள். வகுப்பு முடிந்தால் மட்டும் பழைய கதைதான். ஒரே வீட்டுக்கு ஒரே தெருவில் பத்தடி இடைவெளி விட்டு நடப்பார்கள்.

ஆறாவது வாரம் டீச்சர் பத்துக் கேள்விகள் அச்சடித்த தாளைக் கொடுத்தாள். எட்டாவது கேள்வி, ஏன் இங்கிலீஷ் கற்றுக்கொள்கிறீர்கள். அப்பாடா, வந்ததே! சின்னவள் ஆசையாசையாகக் கேட்டாள். பெரியவள் கொஞ்சம் தயங்கி, "லேட்டர்" என்றாள்.

ஒன்பதாவதையும் சின்னவள்தான் கேட்க வேண்டும். உங்களுக்குக் குழந்தைகள் உண்டா. பேசாமல் அதைத் தாண்டிப் பத்தாவதைப் படிக்க ஆரம்பித்தாள். பின்னால் நின்ற டீச்சர் விடுவாளா? தாளில் விரலால் தட்டி, "நைன், நைன்!" என்றாள். தலைக்கு மேலே நிற்கிறாள், நகரவும் மாட்டேனென்கிறாள்.

"டூ யூ ஹேவ் சில்ட்ரன்?" சின்னவள் தாளைப் பார்த்தே கேட்டாள்.

பெரியவள் தாளை மடித்து மடியில் வைத்தாள். ஆறு வாரத்தில் முதல்முறையாக நேராக அவள் முகத்தைப் பார்த்தாள்.

"யெஸ். ஒன் கேர்ள். செவன் இயர்ஸ்." கொஞ்சம் நிறுத்தினாள். "லிவிங் டவுன்ஸ்டேர்ஸ்."

டீச்சர், "குட், குட்" என்று அடுத்த ஜோடியிடம் போய்விட்டாள். பெரியவள் வார்த்தை வார்த்தையாகத் தேடி எடுத்துப் பேசினாள். "ஷீ ப்ளே வித் ஃபிரெண்ட்ஸ். ஆல் இங்கிலீஷ். ஐ ஹியர் ஃப்ரம் விண்டோ. ஐ வான்ட் அண்டர்ஸ்டாண்ட்."

மூன்று வருஷமாக அந்த ஜன்னலுக்குக் கீழேதான் வாலு விளையாடுகிறாள். மேலே ஒருத்தி நின்று கேட்டுக்கொண்டிருப்பாள் என்று சின்னவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சாரி" என்றாள். சொன்ன மாத்திரத்தில் அவளுக்கே சீ என்று ஆனது. பஸ்ஸில் காலை மிதித்தால் சொல்கிற சொல் அது. "வெரி சாரி" என்றாள். அதுவும் போதவில்லை.

பெரியவள் தலையை ஆட்டினாள். "அன்னிக்கு அந்த வார்த்தைய நீ தமிழ்லதானே சொன்ன? மன்னிப்பையும் தமிழ்லயே கேளு."

"நோ டமில்!" என்று அந்தப் பக்கத்திலிருந்து டீச்சர் மேஜையைத் தட்டினாள்.

சின்னவள் எழுந்து நின்றாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"தப்புதான்க்கா. சொல்லக்கூடாதத சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க. நான் அவளப் பெத்தேன், அவ்வளவுதான். அவ நம்ம புள்ளக்கா."

பெரியவள் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். வகுப்பு முடியும்வரை அந்தக் கையை விடவில்லை.