தாடிமாடுகளுக்குக் கட்டிய பாலம்

கழனிப்பாக்கத்து மேய்க்காலுக்கு ஆப்பிரிக்கக் காட்டுமாடுகள் வந்து சேர்ந்த ஐப்பசியில் தக்காளி கிலோ எண்பது ரூபாய் விற்றது. ஊர் தக்காளியைப் பற்றித்தான் அதிகம் பேசியது. மாடுகள் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்திலிருந்து விடிகாலையில் ஈரக்கால்களோடு நடந்து வந்தன. முந்நூறு இருக்கலாம், நானூறும் இருக்கலாம். நடுநடுவே வரிக்குதிரைகள் வேறு. முன்னால் பார்த்தால் எருமை, பின்னால் பார்த்தால் குதிரை, கழுத்துக்குக் கீழே ஒரு தாடி. மத்தியானத்துக்குள் தாடிமாடு என்று பேர் வைத்துவிட்டு ஜனங்கள் அவரவர் ஷிப்டுக்குப் போய்விட்டார்கள். மேய்க்கால் என்று சொல்வதுகூடப் பழக்கதோஷம்தான். ஊர் மாடுகளுக்கென்று விட்டிருந்த அந்தப் புறம்போக்கைத் தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. பாதியில் ஆலைகள் எழுந்தன. மீதியில் ஆலை வரப்போகிறது என்று ஒரு பலகை மட்டும் நின்றது, அதைச் சுற்றி இடுப்பளவுக்குப் புல் நின்றது. வரிக்குதிரைகள் புல்லின் முரட்டு நுனியைத் தின்றன, தாடிமாடுகள் அதற்குக் கீழே இருந்த தழையைத் தின்றன, ஊர்ப் பசுக்கள் மிச்சத்தைத் தின்றன. சண்டை ஒன்றும் வரவில்லை.

அந்த ஊரில் மாடு வைத்திருக்கிற வீடுகளுக்கு முறை உண்டு. ஒரு நாளைக்கு ஒரு வீடு. முறைக்காரர் காலையில் மந்தை என்கிற ஊர்ப் பொதுவெளியில் வந்து நிற்கிற எல்லா மாட்டையும் ஓட்டிப்போய் மேய்த்து, பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும். யாருடையது என்று தெரியாத மாடு கூட்டத்தில் கலந்துவிட்டால் அதையும் நடுவழியில் விட்டுவிட்டு வரக்கூடாது. சொந்தக்காரர் வந்து கேட்கும்வரை அது ஊர் மாடுதான். மேய்க்கால் போன பிறகும், வீட்டுக்கு ஒருவர் ஆலைக்குப் போக ஆரம்பித்த பிறகும், முறை மட்டும் நிற்கவில்லை. ஓவர்டைமை விட்டுவிட்டாவது முறைக்கு வந்தார்கள். தாடிமாடுகள் வந்த அன்று முறை கலைமணியுடையது.

கலைமணிக்கு இரண்டு பசு, ஒரு மகள், ஒரு தீராத கோபம். கோபத்தின் காரணம் ஊருக்குத் தெரியும். அவளுடைய தங்கை தென்றல், சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற உதிரிபாக ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. நிரந்தரத் தொழிலாளிகளுக்குக் கம்பெனி பஸ். ஒப்பந்தப் பெண்களுக்குச் சொந்தக் கால். ஆறு வழிச் சாலை, நடுத்திட்டில் ஓர் உடைசல், அதன் வழியாகத்தான் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் போய்வந்தார்கள். ஷிப்ட் விட்டு வந்த தென்றலை அங்கேதான் கன்டெய்னர் லாரி அடித்தது. லாரி நிற்கவில்லை. அவள் ஒப்பந்தக்காரருடைய ஆள் என்றது ஆலை. விபத்து ஆலை வாசலுக்கு வெளியே நடந்தது என்றார் ஒப்பந்தக்காரர். ஊர் திரண்டுபோய் அதிகாரிகளிடம் ஒரு நடைபாலம் கேட்டது. எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். எண்ணுகிற ஆள் வந்தான், ஆலைகளெல்லாம் மூடிக்கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான், சாலையைக் கடப்பவர் யாருமில்லை என்று எழுதிக்கொண்டு போனான். இதைச் சொன்னால் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். கலைமணியின் முன்னால் யாரும் சிரித்ததில்லை. அவளுடைய மகள் கனிஷ்கா டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள். வேலை கொடுக்கிற ஆலைகளெல்லாம் அந்தப் பக்கம் இருந்தன. மகளும் ஒருநாள் அந்த உடைசலில் கால் வைத்துத்தான் ஆக வேண்டும்.

தாடிமாடுகள் வந்த அன்று சாயங்காலம் முறையின்படி அவள் செய்தது வேறு எந்த ஊரிலும் யாரும் செய்திருக்க முடியாத காரியம். பசுக்களோடு கலந்து நின்ற தாடிமாடுகளையும் வரிக்குதிரைகளையும் ஒன்றுவிடாமல் ஊருக்குள் ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தாள். யாரும் வந்து சொந்தம் கொண்டாடவில்லை. அவை ரேஷன் கடைக்கும் அம்மன் கோயிலுக்கும் நடுவில் படுத்து அசைபோட்டன. மறுநாள் காலையில் தாமாகவே மந்தையில் போய் நின்றன. முறைக்காரர் வரும்வரை ஓர் அடி நகரவில்லை. அதன்பிறகு தினமும் அப்படித்தான்.

பத்து நாளில் டெலிவிஷன்காரர்கள் வந்தார்கள், பின்னாலேயே அதிகாரிகளும் வந்தார்கள். இவை மழையைத் தொடர்ந்து ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிப் புல்வெளியில் சுற்றிவருகிற கூட்டத்தில் ஒரு பகுதி என்று தெரிந்தது. எப்படி வந்தன என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். குழு இன்னும் ஆராய்கிறது. விலங்கு வழித்தடத் திட்டம் என்று ஒன்றை ஆரம்பித்து ரகு என்ற அலுவலரை நியமித்தார்கள். ரகு மரியாதையான மனிதர், யாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். காட்டு விலங்கை வீட்டு விலங்குபோல் ஓட்டியது குற்றம் என்பதையும் அதே மரியாதையோடுதான் கலைமணியிடம் சொன்னார்.

"மந்தையில நின்னத ஓட்டிக்கினு போனேன், ஓட்டிக்கினு வந்தேன். இதுல இன்னா சார் குத்தம் கீது?" என்றாள் கலைமணி.

தை மாதம் புல் தீர்ந்ததும் தாடிமாடுகளுக்குத் தெற்கே போகிற வேகம் வந்தது. முறைக்காரர் சொல்லுக்குக் கட்டுப்படாமல் ஓடிப்போய்ச் சாலையோரத்தில் கூடி நின்றன. செரெங்கெட்டியில் ஆற்றங்கரையில் முதலைகளுக்குப் பயந்து இப்படித்தான் நிற்குமாம். ஒன்று குதித்தது, பிறகு எல்லாம் குதித்தன. இருபத்திரண்டு தாடிமாடுகள் லாரிகளில் அடிபட்டுச் செத்தன. பட்டணம் கொதித்துவிட்டது. மெழுகுவத்தி ஏந்தி ஊர்வலம் போனார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் படம் வரைந்து அனுப்பினார்கள், அந்தச் சாலையில் லாரி விடுகிற ஆலைகளே இரங்கல் பலகை வைத்தன. தென்றல் செத்த அன்று அதே ஆலைகள் ஷிப்டைக் கால் மணி நேரம்கூட நிறுத்தவில்லை. மாடுகள் மேல் கலைமணிக்குக் கோபம் கிடையாது. செத்தவற்றுக்கு அவளும் அழுதாள், மூன்று மாதம் மேய்த்த மாடுகள் அல்லவா. இவர்களுக்கு அழத் தெரியும் என்பது இத்தனை நாள் தனக்குத் தெரியாமல் போயிற்றே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

மிச்சமிருந்த கூட்டம் வைகாசியில் வந்த வழியே போய்விட்டது. அடுத்த ஐப்பசிக்குள் பாலம் எழுந்துவிட்டது. ஊர் கேட்டபோது நிலமில்லை, நிதியில்லை, விதியில்லை என்றார்களே, அதே இடத்தில். அகலமான பாலம், மேலே ஒரு முழம் மண் கொட்டிப் புல் வளர்த்து, இரண்டு பக்கமும் மரம் நட்டு, விலங்குகளின் கண் கூசாத மங்கல் விளக்குப் போட்டிருந்தார்கள். வாசலில் காவலாளி. மனித வாடை பட்டால் மாடுகள் மிரளும், ஆகையால் மனிதர்களுக்கு அனுமதி இல்லை. ஊர்ப் பசுக்கள் நோய் பரப்பும் என்று மேய்க்காலைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். முறையைத் தடை செய்தார்கள். பசுக்களை வீட்டில் கட்டிப்போட்டு வைக்கோல் வாங்கிப் போட முடியாமல் ஆறு வீடுகள் விற்றுவிட்டன.

பாலத்தைப் பார்க்கச் செரெங்கெட்டி இருக்கிற தான்சானியாவிலிருந்து சைத்தோத்தி என்பவரை அழைத்து வந்தார்கள். மாசாய் இனத்தவர், விலங்கு பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக வேலை, ஆனால் பரம்பரையாக மாடு வைத்திருந்த குடும்பம். அவர் பாலத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கலைமணியின் பசுக்களைத்தான் நெடுநேரம் பார்த்தார். தாடிமாடு கன்று போடுகிற காலத்தில் பசுக்களை அந்தப் பக்கம் விடாதீர்கள், கன்றிடமிருந்து பசுவுக்கு நோய் ஒட்டும் என்று சொன்னார். பிறகு இங்கிலீஷில் நிறையப் பேசினார். கனிஷ்கா கேட்டுக்கேட்டு அம்மாவுக்குச் சொன்னாள்.

"அவுங்க வூட்டையும் காலி பண்ணச் சொல்ட்டாங்களாம்மா. உங்க மாடு இருந்தா மிருகம் பொழைக்காதுன்னாங்களாம். அப்ப இத்தினி காலமா அது யாரு கூடப் பொழைச்சுதுன்னு கேக்குறாரு."

கலைமணி அவருக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் உட்கார்ந்து பாலத்தை முறைத்தார்கள்.

மழை தொடங்கியதும் தாடிமாடுகள் ஈரக்கால்களோடு வந்தன. வேலியைச் சட்டை செய்யவில்லை. கம்பி அவற்றின் உடம்பில் படாமல், நிழல் கடப்பதுபோல் கடந்து ஊருக்குள் வந்து மந்தையில் நின்றன. இந்த வருஷம் மேயவே போகவில்லை. முறைக்காரர் வரட்டும் என்று நின்றன. பாலத்தில் புல்லுக்கட்டு வைத்தார்கள், உப்புக்கட்டி வைத்தார்கள், ட்ரோன் விட்டு விரட்டினார்கள். அசையவில்லை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துப் பெரிய மனிதர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. கனிஷ்காவுக்கு அதே உதிரிபாக ஆலையில் வேலை கிடைத்து, அவள் அந்த உடைசல் வழியாகப் போய்வர ஆரம்பித்த வாரமும் அதுதான். முதல் நாள் மகள் கடந்ததைக் கலைமணி ஓரமாக நின்று பார்த்தாள். இரண்டாம் நாள் பார்க்கத் தைரியமில்லை.

விழாவுக்கு முந்தின நாள் ரகு வீடு தேடி வந்தார். தடையைத் தளர்த்தியிருக்கிறோம், நீங்கள் வந்து மாடுகளைப் பாலத்தின் மேல் ஓட்டிவிட வேண்டும், உங்களுக்கு மட்டும் தனி அனுமதி அட்டை தருகிறோம் என்றார். ஷிப்டுக்குப் போகிற பெண்களையும் கூடவே விடுவீர்களா என்று கலைமணி கேட்டாள். அதற்கு விதியில் இடமில்லை என்று ரகு வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார், அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மாடுகளை நாளைக்கு ஓட்டுகிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

காலையில் பாலத்தின் மேல் நாற்காலி போட்டுப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள், நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மனித வாடையைப் பற்றி அன்று யாருக்கும் கவலையில்லை. கலைமணி கோலை எடுத்துக்கொண்டு மந்தைக்கு வந்து ஒரு குரல் கொடுத்தாள். தாடிமாடுகளும் வரிக்குதிரைகளும் மிச்சமிருந்த ஊர்ப் பசுக்களும் கிளம்பின. பாலத்துக்குத் திரும்புகிற இடத்தில் அவள் திரும்பவில்லை. நேரே உடைசலுக்கு ஓட்டினாள். காலை ஷிப்டுப் பெண்கள் டிபன் பையோடு அங்கே நின்றிருந்தார்கள். கூட்டம் சாலையில் இறங்கி இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி கிழக்கே பார்த்து, ஒரு பாதி மேற்கே பார்த்து, ஆறு வழியையும் அடைத்துக்கொண்டு தோளோடு தோள் நின்றது. லாரிகள் ஹாரன் அடித்தன, பிறகு நின்றன. நடுவில் வீதி அகலத்துக்கு வெறும் சாலை கிடந்தது. பெண்கள் நடந்தார்கள். மேலே நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். ரகு மூச்சிரைக்க ஓடிவந்து, மேலே வாருங்கள் அம்மா, எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று கெஞ்சினார்.

"பாலத்த நீங்களே வச்சிக்கோங்க சார்" என்றாள் கலைமணி. "எங்க ஊரு பொண்ணு செத்தது ரோட்டுல. எங்களுக்கு ரோட்டுல வழி வோணும்."

கடைசிப் பெண் அந்தப் பக்கம் ஏறியதும் மாடுகள் தெற்கே மேயப் போயின. மாலை ஷிப்ட் முடிகிற நேரத்துக்குத் திரும்பி வந்து மறுபடியும் சாலையை அடைத்து நின்றன. இந்தத் தடவை யாரும் ஓட்டவில்லை. அதிகாரிகள் விரட்டிப் பார்த்தார்கள், வழக்குப் போட்டார்கள், வண்டிகளை வேறு வழியாக விட்டுப் பார்த்தார்கள். வாகனம் மோதினால் காட்டு விலங்கைக் கொன்ற குற்றத்துக்கு ஜாமீன் இல்லை என்று இருபத்திரண்டு மாடுகள் செத்தபோது அவர்களே போட்ட உத்தரவு அவர்கள் காலையே கட்டியது. வைகாசியில் கூட்டம் ஆப்பிரிக்காவுக்குப் போனபோது முப்பது தாடிமாடுகள் மட்டும் போகாமல் தங்கின. அடுத்த வருஷம் அந்த முப்பதும் போய், வேறு முப்பது தங்கின. அவையும் முறை போட்டுக்கொண்டன என்று ஊர் புரிந்துகொண்டது. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வருகிற ஷேர் ஆட்டோக்காரர்கள் ஷிப்ட் நேரத்தில் இஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொள்கிறார்கள். ஆலைகள் லாரி அட்டவணையைக் கால் மணி நேரம் தள்ளிப் போட்டுவிட்டன. தென்றல் செத்த அன்று வராத கால் மணி நேரம் எங்கிருந்தோ வந்துவிட்டது. பாலம் பூட்டிக்கிடக்கிறது. காவலாளிக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறது.

கலைமணியின் கோபம் ஆறவில்லை. நாள் தவறாமல் சாலையோரம் வந்து நிற்கிறாள், முறை இருந்தாலும் இல்லாவிட்டாலும். கனிஷ்கா இரண்டு வரிசைத் தாடிகளுக்கு நடுவே, காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, கைபேசியை விட்டு நிமிராமல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கூடப் பார்க்காமல் சாலையைக் கடந்து வருகிறாள். ரோட்டைப் பார்த்து வாடி என்று ஒருநாளும் கலைமணி திட்டியதில்லை.