உடைசல் மூட்டை

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அண்ணன் வருவார். தோளில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் மூட்டை, முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே தையலக்கா மெஷினை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். தெருவில் எல்லோருக்கும் அவள் தையலக்கா. அண்ணனுக்கு மட்டும், இரண்டு பிள்ளை பெற்ற பிறகும், பாப்பா.

பாக்கெட் தீனி செய்யும் கம்பெனியில் அண்ணன் சூப்பர்வைசர். கலவை ரூம் அவர் பொறுப்பு. எண்ணெயும் உப்பும் சர்க்கரையும் வாசனைப் பொடியும் அவர் கண் முன்னால்தான் ஒன்று சேரும். அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. உடைந்த பிஸ்கட், நொறுங்கிய சிப்ஸ், கட்டி உதிர்ந்த நூடுல்ஸ் என்று கடைக்கு அனுப்ப முடியாததையெல்லாம் மூட்டை கட்டி, வாரக் கடைசியில் வேலை செய்கிறவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பார்கள். வேண்டாம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நம்ம சரக்கு நமக்கே பிடிக்கலியா என்று மேனேஜர் முகம் சுளிப்பார். சூப்பர்வைசருக்குப் பெரிய மூட்டை. அதை அண்ணன் அப்படியே தங்கை வீட்டில் இறக்கிவிடுவார்.

"உங்க வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்து வெச்சுக்கலியாண்ணா?"

"எங்களுக்கு எதுக்கு? உன் புள்ளைங்க சாப்பிடட்டும் பாப்பா."

இப்படி ஒரு அண்ணன் யாருக்கு வாய்க்கும்? அளவு கொடுக்க வருகிறவர்கள் அளவு கொடுத்தார்களோ இல்லையோ, அண்ணன் புராணம் கேட்காமல் போனதில்லை.

ஒரு தட்டில் பிஸ்கட் போட்டு அவர் முன்னாலும் வைப்பாள். அண்ணன் தொட மாட்டார். ஒரு வாரம் பல்வலி, ஒரு வாரம் வயிறு சரியில்லை, ஒரு வாரம் இப்போதுதான் சாப்பிட்டேன். வெறும் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். பிள்ளைகளுக்குக் குறைந்துவிடுமே என்று வாயைக் கட்டுகிறார் பாவம் என்று இவள் உருகிப்போவாள். ஏமாளிக்குக் காரணம் சொல்லித்தர வேறு ஆளா வேண்டும்? அவளே கண்டுபிடித்துக்கொள்வாள்.

மூட்டையில் பெரும்பங்கு அவள் வீட்டுக்காரருக்குத்தான் போனது. அவர் வெல்டர். கேட்டும் ஜன்னலும் செய்கிற பட்டறையில் நாள் முழுக்க நெருப்போடு மல்லுக்கட்டுகிறவர். காலையில் டீயோடு கிரீம் பிஸ்கட். மதியம் டப்பாவில் நூடுல்ஸ், அதிலும் மசாலாத் தூள் இரண்டு பங்கு, ஏனென்றால் வியர்த்துக் கொட்டுகிற உடம்புக்கு உப்பு வேண்டும் என்பது தையலக்காவின் வைத்தியம். சாயங்காலம் ஒரு கிண்ணம் சிப்ஸ். முதலில் ஆசைக்குச் சாப்பிட்டார், அப்புறம் பழக்கத்துக்கு. போகப் போக, அது இல்லாவிட்டால் எதையோ தொலைத்தவர் மாதிரி டப்பா டப்பாவாகத் திறந்து பார்ப்பார். ஆறேழு வருஷம் இப்படி ஓடியது. அடுப்படி வேலை மிச்சமானதில் அவளும் நாலு துணி கூடுதலாகத் தைத்தாள்.

நாற்பதுகூட ஆகவில்லை மனிதருக்கு. ஒரு நாள் பட்டறையில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்குடா" என்று கூட்டாளியிடம் சொன்னவர், சொல்லி முடிப்பதற்குள் சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். இதய டாக்டரம்மா தையலக்காவை உட்கார வைத்து விசாரித்தார். சிகரெட் உண்டா? கிடையாது. குடி? வாடையே ஆகாது. அவங்க அப்பா அம்மாவுக்கு நெஞ்சு நோவு? இல்லை. சரி, என்னதான் சாப்பிடுவார்? இவள் பெருமையாகத்தான் ஆரம்பித்தாள். டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் குரல் இறங்கியது.

"தினமுமா?"

"தினமும்தாங்க."

"இது ஒண்ணாலதான் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேம்மா. ஆனா வருஷக்கணக்கா பாக்கெட் தீனியையே சாப்பாடாக்கிட்டா, சின்ன வயசுலயே இதயத்துக்கு ஆபத்து கூடும். இனிமே அது வேண்டவே வேண்டாம். இன்னொரு தடவை வந்தா அவரு தாங்கணுமே."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கையாலேயே டப்பா கட்டிக் கொடுத்தேனே, பாவி, என்று தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். அப்போதும் அண்ணன் மேல் கோபம் வரவில்லை. அவருக்கு மட்டும் என்ன தெரியும்? இனிமேல் மூட்டை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, மனசு நோகுமே என்பதுதான் அவள் கவலை.

சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அந்தச் சனிக்கிழமை அண்ணன் ஆப்பிளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். "அந்த மூட்டையெல்லாம் இனிமே உங்களுக்கு வேணாம் பாப்பா" என்று அவராகவே சொன்னார். டாக்டர் சொன்னதைப் பற்றி இவள் இன்னும் ஒருவரிடமும் வாய் திறந்திருக்கவில்லை. எங்கேயோ இடறியது. ஆனால் கணவர் கண் திறந்து பார்க்கிற நேரத்தில் அதையெல்லாம் யோசிக்க யாரால் முடியும்?

பிள்ளைகள் இரண்டு பேரும் அதுவரை அண்ணன் வீட்டில்தான் இருந்தார்கள். வீடு திரும்பிய அன்று மூத்தவள் பையை வைத்ததும் வைக்காததுமாக ஆரம்பித்தாள்.

"மாமா வீட்டுல ஒரு பிஸ்கட்கூட இல்லம்மா. தம்பி கேட்டு அழுதான். அத்தை வாழைப்பழந்தான் குடுத்தாங்க. அந்தக் கருமத்தை வீட்டுக்குள்ள விடக் கூடாதுன்னு மாமா சொல்லிருக்காராம்."

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அப்புறம் எத்தனை தடவை முயன்றும் நூல் ஏறவில்லை. இருக்காது, அண்ணி ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பாள் என்று மனசைத் தேற்றினாள். அப்பா அம்மா போன பிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருப்பது அண்ணன் ஒருவர்தான். அவரும் இல்லையென்றாகிவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் நலம் விசாரிக்க வந்தார். கூடவே அவருடைய செல்ல மகள், வாயாடி என்று பேரெடுத்தவள். வீட்டுக்காரர் உள் அறையில் கண்ணயர்ந்திருந்தார். தையலக்கா பரண் மேல் கிடந்த கடைசி மூட்டையை இறக்கினாள். கிரீம் பிஸ்கட்டாகப் பார்த்துப் பொறுக்கித் தட்டில் வைத்து, வாயாடியின் மடியில் கொண்டுபோய் வைத்தாள். வேண்டுமென்றே செய்தாளா என்றால், ஆமாம், வேண்டுமென்றேதான் செய்தாள். ஒரு பிஸ்கட்டால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் பேசாமல் இருந்துவிட வேண்டுமே என்றுதான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள்.

வாயாடி கையை நீட்டுவதற்குள் அண்ணன் கை பாய்ந்து தட்டைப் பிடுங்கிவிட்டது.

"அவளுக்கு வேணாம் பாப்பா. இருமல்."

"எனக்கு ஏதுப்பா இருமல்?" என்றாள் வாயாடி.

தையலக்கா அண்ணனையே பார்த்தாள். "ஒரே ஒரு பிஸ்கட்ண்ணா. அதுக்கே உன் கை இப்படிப் பறக்குதே."

அண்ணன் பூசி மெழுகப் பார்த்தார். நீயா எதையாவது நினைச்சுக்காதே என்றார், வேளாவேளைக்கு மாத்திரை கொடு என்றார். அவள் பார்வையை எடுக்கவில்லை. கடைசியில் தலை தொங்கியது.

"கலவை ரூம்ல நிக்கிறவன் எவனும் அதை வீட்டுக்குக் கொண்டு போக மாட்டான். உள்ள என்னென்ன கொட்டுறோம்னு கண்ணால பாக்குறோமே."

"அப்புறம் ஏண்ணா இங்க கொண்டாந்த?"

"வாங்காம வர முடியாது. குப்பையில போடவும் மனசு வரலை. உன் வீடு வழியில இருந்துச்சு, புள்ளைங்களும் ஆசையா ஓடி வந்து வாங்குச்சுங்க. இவ்வளவு தூரம் போகும்னு சத்தியமா நெனக்கல பாப்பா."

வழியில் இருந்ததாம். பாசம் என்று நினைத்து ஓடி ஓடி அவள் வாங்கி வைத்தது, அண்ணனுக்குக் கொட்ட இடமில்லாத சரக்கு. தெருவே கூடும்படி கத்த வேண்டும் போலிருந்தது. உள்ளே படுத்திருக்கிறவர் அதிர்ந்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வாய்விட்டுக் கத்தக்கூட அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

"இப்ப தட்டைப் பிடுங்க நீட்டுன கைய, ஒரே ஒரு தடவை அவருக்கும் நீட்டியிருக்கலாமேண்ணா" என்றாள் மெதுவாக.

அண்ணன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடினார்.

செருப்புச் சத்தத்தில் வீட்டுக்காரர் விழித்துவிட்டார் போலிருக்கிறது. உள் அறையிலிருந்து குரல் வந்தது. நோஞ்சான் குரல், ஆனால் அதே பழைய பிரியம்.

"மச்சானா? வந்தவரு ஒண்ணும் சாப்பிடாமலே கிளம்புறாரா? ஏதாவது குடுத்து அனுப்பும்மா."

செருப்பில் பாதி நுழைத்த காலோடு அண்ணன் அப்படியே நின்றார்.

"அண்ணன் என்னைக்குங்க நம்ம வீட்டுல சாப்பிட்டிருக்காரு?" என்றாள் தையலக்கா.