உப்புச் சுவரில் ஒரு கை

வணிகக் கப்பலுக்கு ஆள் தயார் பண்ணும் கல்லூரி என்றால் கட்டிடத்தையே கப்பல் மாதிரி கட்டணுமா? தொடங்கி வைத்த பழைய கேப்டனுக்கு அப்படியொரு ஆசை. முன்பக்கம் கூர், ஜன்னலெல்லாம் வட்டம். அந்த வட்டத்துக்குக் கொசுவலை அடிப்பதற்குள் தச்சருக்கு உயிர் போய் உயிர் வந்தது. பழுது பார்க்கும் எஞ்சினியர் நான்தான். வலியக் கேட்டு வாங்கின வேலை. காரணம், பின்பக்கச் சுவர்.

அந்தச் சுவரைக் கட்டும்போதே பூசாமல் விட்டார்கள். படிப்பு முடிக்கிறவன் ஆளுக்கொரு சதுரம் தானே பூசி, ஈரத்தில் கை பதிக்கணும். முதல் பயணம் முடிந்ததும் வந்து, அதே தடத்தில் கை வைத்து "வந்துட்டேன்" என்று சொல்லணும். என் தம்பியும் பதித்தான். அவன் போன முதல் கப்பலே புயலில் மூழ்கியது. உடம்புகூடக் கிடைக்கவில்லை.

அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. "வருவான்" என்பார். சாப்பாட்டு மேஜையில் தினமும் அவன் தட்டையும் வைக்கணும். அம்மா அழுது பார்த்தாள், நான் கத்திப் பார்த்தேன். கல்லில் நார் உரித்த கதைதான்.

சுவர் உப்புப் பூத்து உதிர ஆரம்பித்தது. கடற்காற்றின் வேலை என்று நினைத்தேன். இடிப்பதென்று முடிவானதும் அப்பா கேட்டார்: "அவன் கையை மட்டும் பேத்து எடுத்துட்டு வந்துடும்மா. நாளைக்கு வந்தான்னா எங்க கை வைப்பான்?"

"சரிப்பா" என்றேன்.

அந்தச் சதுரத்தை அறுக்கிற அன்று, சுற்றி எடுத்துப்போகப் போர்வையோடு அப்பா வந்துவிட்டார். உதிராமல் இருக்கத் தம்பியின் கைத்தடத்தின்மேல் துணி ஒட்டி, பசை தடவியிருந்தேன். கொத்தனார் தட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், உள்ளே பொலபொலன்னு இருக்கு" என்றார்.

பக்கத்தில் நின்ற பயிற்சி மாஸ்டர் சொன்னார்: "இங்க பூச்சைக் கடல் தண்ணியில குழைக்கிறதுதானே மேடம் வழக்கம். கடலுக்குப் போறவன் நல்ல தண்ணியிலயா குழைப்பான்?"

"மூளைன்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கெல்லாம்? உப்புத் தண்ணிப் பூச்சு எத்தனை நாள் நிக்கும்?"

அவர் தலை குனிந்தார். "என் கையும் இதுலதான் மேடம் இருக்கு."

அதற்கு மேல் என்ன திட்டுவது? மெதுவாக அறுத்தோம். அடியில் பலகை கொடுத்து நாலு பேர் தாங்கித்தான் இறக்கினோம். போர்வைக்கு வரும் முன்பே பலகை நடுவில் தொய்ந்து, பூச்சு பொடியாய்க் கொட்டிவிட்டது. துணி மட்டும் என் கையில் நின்றது. ஒரு விரல்கூட மிஞ்சவில்லை.

அப்பா உட்கார்ந்து அந்தப் பொடியை ஒரு பிடி எடுத்தார். நுனி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கடல் தண்ணியாமா?"

"ஆமாப்பா."

பொடியைப் போர்வையில் அள்ளிப் போட்டு, நாலு முனையையும் சேர்த்து முடிச்சுப் போடப் பார்த்தார். முடிச்சு விழவில்லை. நான் போட்டுக் கொடுத்தேன்.

"இங்கயும் அவனை விடலையே அந்தக் கடல்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "அம்மாவுக்கு போன் பண்ணு. அந்தத் தட்டை எடுத்து உள்ள வச்சிடச் சொல்லு."