ஆகாயத்தாமரையில் செம்பு

1979இல் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு குளத்தில் நாலு ஆகாயத்தாமரைச் செடிகளைப் பிடுங்கினேன். அதனால் ஓடிய ரத்தத்தில் ஒரு போகம் நெல் விளைத்திருக்கலாம்.

கனிமம் தேடும் ஆபீசில் மாதிரி எடுப்பது என் வேலை. "மண்ணுக்கடியில உலோகம் இருந்தா செடி வேர் உறிஞ்சி வச்சிருக்கும். நடுக்குளத்துல புடுங்கி, எரிச்சு, சாம்பலை லேபுக்கு அனுப்பு" என்றார் ஜியாலஜிஸ்ட் ஜானகிராமன். நடுக்குளத்து அட்டை ஒவ்வொன்றும் உலக்கைப் பருமன் இருக்கும். படித்துறையில் நின்றபடியே எட்டிப் பிடுங்கிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. சாம்பல் முழுக்கச் செம்பு! டீக்கடையில் வாயை விட்டவனும் நானேதான்.

குளக்கரை மேட்டுநிலம் கன்னியப்பனுக்கும் தம்பி தாண்டவராயனுக்கும் பொது. மறுநாள் நான் போனபோது தம்பியின் பற்கள் வரப்பில் கிடந்தன. மூன்று என்பார்கள், நான் முப்பது எண்ணினேன். அண்ணன் மண்டை பிளந்து வேட்டி சிவந்திருந்தது. அப்படியும் தம்பியின் கழுத்தை மிதித்துக்கொண்டு அவன் மண்வெட்டியை ஓங்கினான்.

"செம்பு கேக்குதாடா உனுக்கு?"

"வெட்டு! அப்பன் சாவும்போது கைநாட்டு வாங்கப் பாத்தவன்தானே நீ!"

தம்பி பெண்சாதி முனியம்மாள் படித்துறையிலிருந்து செப்பு அண்டாவோடு ஓடிவந்து கன்னியப்பன் மண்டையிலேயே போட்டாள். ஓசை வாலாஜாபாத் வரை கேட்டது. ஆள் அசராமல் நின்றான். அண்டாவிலிருந்து புளித்தண்ணீர் பச்சையாக வழிந்தது.

நான் முனியம்மாளிடம் ஓடினேன்.

"எம்மா, இத்த எங்க தேய்ச்ச?"

"படித்துறையிலதான்! கல்யாணத்துக்கு வாடகைக்கு வுடற அண்டாங்க. முப்பது வருசமா புளி போட்டு அங்கதான் தேய்க்கறோம். இப்ப இன்னாய்யா அதுக்கு?"

மண்வெட்டி இறங்கத் தொடங்கியது.

"நிறுத்து!" என்று கத்தினேன். "மண்ணுல செம்பே இல்ல! உங்க அண்டாலேர்ந்து கரைஞ்சதைத்தான் செடி குடிச்சிருக்கு. அட்டைக்குப் பயந்து படித்துறையிலயே புடுங்கிட்டேன்!"

மண்வெட்டி தம்பி மூக்குக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. காலுக்கடியிலிருந்து தாண்டவராயன் பேசினான்.

"அண்ணே, காலை எடு. இவன நான் புடிச்சிக்கறேன். நீ குத்து."

இரண்டு விலா எலும்பு போயிற்று. பிறகு அண்ணன் தலைப்பக்கம், தம்பி கால்பக்கம், ஒற்றுமையாக வீசினார்கள். நடுக்குளத்தில் விழுந்தேன்.

"நாலு செடி புடுங்கிக்கினு வா!" என்றான் கன்னியப்பன், தம்பி தோளில் சாய்ந்துகொண்டு.

பிடுங்கினேன். அந்தச் சாம்பலில் செம்பு துளியும் இல்லை. ஆனால் அட்டைகளைப் பற்றி நான் சொன்னது அத்தனையும் சத்தியம்.