ஒற்றைக் கைக் கோட்டு

ஒரு கால் வகுப்புக்குள், ஒரு கால் வெளியே. வலது கை தலைக்கு மேலே, அதில் ஒரு விரல் மட்டும் நீட்டியபடி. "டீச்சர், ஒரே ஒரு பீரியட்."

கணக்கு சார் தையல் வகுப்புக்கு வருவது இப்படித்தான். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். பிள்ளைகள் துணியை மடித்து வைத்துவிட்டு அவர் பின்னால் போவார்கள். எட்டாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் கட்டாயப் பாடம், தையலும் ஓவியமும் விருப்பப் பாடம். யாருடைய விருப்பம் என்று மட்டும் அந்தப் பள்ளியில் யாரும் கேட்டதில்லை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'ஒரே ஒரு சார்'.

தையல் டீச்சர் இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போனவள்தான். ஆனால் அன்று தலைமையாசிரியை கூப்பிட்டுச் சொன்னதை அவளால் பொறுக்க முடியவில்லை.

"உங்க கிளாஸ்ல எதுவுமே முழுசா முடியறதில்லையேம்மா. அடுத்த வருஷம் தையலை எடுத்துடலாம், அந்த நேரத்தையும் கணக்குக்கே குடுத்துடலாம்னு சார் சொல்றார். எனக்கும் சரின்னுதான் படுது."

தையல் போனால் அவள் வேலையும் போகும். திருடினவனே வந்து, வீட்டில் ஒன்றுமில்லை, பூட்டிவிடுங்கள் என்று சொல்கிற கதை. அழுகை வரவில்லை. இவனைச் சும்மா விடக்கூடாது என்பது மட்டும்தான் மனசில் நின்றது.

வாய்ப்பு தானாக வந்தது. அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம்: வருஷத்தின் சிறந்த ஆசிரியருக்குத் தையல் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கோட்டுத் தைப்பார்கள். ஆண்டு விழா மேடையில் அதைப் போட்டுவிடுவார்கள். அவரும் அடுத்த ஆண்டு விழா வரை திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு வரவேண்டும். டீச்சர் ஊசியைத் தொடக்கூடாது, எல்லாம் பிள்ளைகள் கைவேலை என்பது பேச்சு. மிச்சமிருப்பதை அவள் வீட்டில் உட்கார்ந்து முடிப்பாள் என்பது ஊரறிந்த ரகசியம்.

இந்த வருஷம் சிறந்த ஆசிரியர் கணக்கு சார்.

அளவெடுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து நின்றார். "நல்லா தைங்க பசங்களா!" அடுத்த செவ்வாய்க்கிழமையே விரலும் வந்தது. தன் கோட்டைத் தைக்கிற நேரத்தையே அந்த மனுஷன் பிடுங்கிக்கொண்டு போனார். ஒரு வாரம் பட்டன் வைக்கிற வேலை பாதியில் நின்றது. அதற்கடுத்த வாரம் வலது கையை வெட்டவே நேரமில்லை. டீச்சர் "தாராளமா கூட்டிட்டுப் போங்க சார்" என்று சிரித்தாள். அப்படி இனிக்க இனிக்க அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

விழா மேடையில் கைதட்டலுக்கு நடுவே பிள்ளைகள் கோட்டை விரித்தார்கள். சார் இடது கையை நுழைத்தார். வலது கையை நுழைத்தார். கை வெறும் சட்டையோடு மறுபக்கம் வந்து நின்றது.

பெற்றோர் கூட்டம் ஒரு நிமிஷம் திகைத்தது. தலைமையாசிரியை மைக்கில், "என்னம்மா இது, இன்னொரு கை எங்கே?" என்றாள்.

வகுப்பில் வாயாடி என்று பேரெடுத்த பெண் முன்னால் வந்தாள். "அந்தக் கை போன செவ்வாய்க்கிழமை வெட்டறதா இருந்துச்சு மேடம். அன்னிக்கு சார் எங்களை அல்ஜீப்ராவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். பட்டன் வைக்கறது அதுக்கு முன்னாடி வாரம். அன்னிக்கும் சார்தான்."

சிரிப்பு பின்வரிசையிலிருந்து கிளம்பி மேடை வரை வந்தது. "எங்க பிள்ளைங்க தையல் கேட்டுத்தானே சேர்ந்தாங்க?" என்று ஒரு தகப்பன் எழுந்துவிட்டார். சார் ஒற்றைக் கைக் கோட்டோடு நின்றார். கழற்றவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கீழே டீச்சர் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

மறுநாள் அவர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். விரல் இல்லை, மடித்த கோட்டுதான் இருந்தது.

"டீச்சர், திங்கட்கிழமை போடணும். மானம் போகுது. எப்படியாவது..."

"பெரிய மேடம் ரூமுக்குப் போங்க சார். யார் நேரத்தை யார் எடுத்தாங்கன்னு உங்க வாயால சொல்லுங்க. அப்புறம் கை வரும்."

போனார். சொன்னார். தையல் வகுப்பு தங்கியது, அவள் வேலையும் தங்கியது.

அதோடு விட்டிருக்கலாம். நல்ல மனசுக்காரி விட்டிருப்பாள். இவள் அன்று வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வலது கையைத் தானே வெட்டினாள். தோள் வளைவைக் கொஞ்சம் தூக்கி, அக்குள் பக்கம் அகலத்தைக் கொஞ்சம் குறைத்து, இரட்டைத் தையல் போட்டாள். கையைத் தொங்கவிட்டு நின்றால் அவ்வளவு கச்சிதம். சார் கண்ணாடி முன்னால் நின்று பார்த்துவிட்டு, "அருமை டீச்சர்!" என்று நன்றி சொல்லிப் போனார்.

திங்கட்கிழமை கூட்டம் கலைந்ததும் டீச்சர் ஓவிய வகுப்புப் பக்கம் மெதுவாக நடந்தாள். அவள் நினைத்தபடியே அந்த வாசலில் கோட்டு நின்றது. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"மாஸ்டர், ஒரே ஒரு..."

கை தோள் வரைகூட ஏறவில்லை. இழுத்தார். தோளோடு கோட்டு முழுக்க மேலே வந்தது, கை மட்டும் வரவில்லை. விரல் அவர் வயிற்றுக்கு நேராக நீண்டு நின்றது. பிள்ளைகள் தூரிகையைப் போட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்கள்.

அடுத்த ஆண்டு விழா வரை எத்தனை திங்கட்கிழமை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே டீச்சர் தன் வகுப்புக்குத் திரும்பினாள்.