வீட்டுக்கு இரண்டு குடம்

எழிலரசி சொந்த ஊருக்குப் போகும்போது ஊர் நிறுத்தத்தில் இறங்குவதை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சிதம்பரத்தில் பஸ் ஏறினால் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, சவுக்குத் தோப்பு வழியாக நடந்து, பின்பக்கமாக வீட்டுக்குள் நுழைவாள். நேர்வழியில் போனால் இருபத்திரண்டு விளக்குக் கம்பங்களைக் கடக்கவேண்டும். கம்பங்கள் அவளை ஒன்றும் செய்யப்போவதில்லை. கம்பத்தடியில் உட்கார்ந்து வலை சரிபார்க்கிறவர்கள்தான் தலையைத் தூக்கிக் கேட்பார்கள்:

"என்னா பொண்ணு, உன் சூரியன் செத்துப்போச்சா?"

அந்த விளக்குகளை ஊருக்குக் கொண்டுவந்தது அவள்தான். 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தபோது அவள் கடலூரில் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஊரில்தான் இருந்தாள். அவளும் அப்பா சின்னையனும் பிழைத்தார்கள். அம்மாவின் உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. படிப்பை முடித்ததும் சிதம்பரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கடலிலிருந்து தள்ளிக் கட்டிய புதுக் குடியிருப்புகளுக்கு வெளிநாட்டுப் பணத்தில் சோலார் தெருவிளக்கு போடும் வேலை. 2007இல் தன் ஊருக்கும் போட்டாள். பூமி சூடாவதையும், புயல் பெருகப்போவதையும், நிலக்கரியை எரிக்காமல் விளக்கு எரியும் என்பதையும் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். சொன்னதில் பொய் எதுவும் இல்லை. "அஞ்சு வருஷத்துக்கு நீங்க ஒண்ணும் செய்யவேணாம்" என்றும் சொன்னாள். அதுதான் பொய்யாகிப்போனது.

இரண்டாம் வருஷம் முதல் விளக்கு அணைந்தது. பிறகு ஒவ்வொன்றாக. பராமரிப்புக்கு ஆள் வருவார்கள் என்று அலுவலகத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2010இல் நிதி நின்று அலுவலகமே மூடப்பட்டது. எழிலரசி மேலவீதியில் சுப்பராயலு என்பவரின் இன்வெர்ட்டர் கடையில் வேலைக்குப் போனாள். ரிப்பேர், பில், ஃபோன் எல்லாம் அவள் பொறுப்பு. சூரியனைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை.

2011 டிசம்பர் முப்பதாம் தேதி விடிகாலையில் புயல் கரையேறியது. சிதம்பரத்தில் ஓடும் கூரையும் பறந்தன. கடலூர்ப் பக்கம் எதுவுமே மிச்சமில்லை என்றார்கள். அப்பாவின் செல்ஃபோன் போகவில்லை. யாருடைய ஃபோனும் போகவில்லை. புது வருஷத்தன்று ஒரு பால் வேனில் இடம் கிடைத்தது. சாலை முழுக்க மரங்களை அறுத்து ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். சவுக்குத் தோப்பு படுத்துக் கிடந்ததால் பின்வழி என்ற ஒன்றே இல்லை. ஊர் நிறுத்தத்தில்தான் இறங்கவேண்டியிருந்தது.

யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் யாரும் இல்லை.

சின்னையன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். கான்கிரீட் வீடு என்பதால் வீடு இருந்தது. அவர் கடலுக்குப் போகும் ஃபைபர் படகு இரண்டாகப் பிளந்திருந்தது.

"சாப்ட்டியா?" என்றார்.

"நீ சாப்ட்டியா நைனா?"

"சோத்துக்கு ஒண்ணும் குறையில்ல. தண்ணிதான் இல்ல."

பெரிய டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும். கரையோரம் முழுக்கக் கம்பங்கள் முறிந்து கம்பிகள் மண்ணில் கிடந்தன. ஒரு மாசம் ஆகும் என்று பேசிக்கொண்டார்கள். வாடகை ஜெனரேட்டர் ஒன்று வண்டியில் வந்து டேங்கை நிரப்பும். அது போகவேண்டிய ஊர்கள் நிறைய; இங்கே மூன்று நாளைக்கு ஒருமுறைதான் முறை வந்தது. மற்ற நாட்களில் பெண்கள் மெயின் ரோட்டைத் தாண்டி ஒரு கிணற்றுக்குப் போய்வந்தார்கள். போகவர மூன்று மைல்.

டேங்க் மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறவள் ராசம்மாள். ஐம்பது வயது, கட்டையான உடம்பு, கணீரென்ற குரல். கணவன் செய்த வேலையைச் சுனாமிக்குப் பிறகு அவள் செய்கிறாள். மறுநாள் காலையில் எழிலரசி அவளைப் போய்ப் பார்த்தாள்.

"அக்கா, மணல்மேட்டுல ஒரு சின்ன போர் கெணறு இருக்குமே, இருக்குதா?"

"இருக்குது. அரை எச்.பி. மோட்டாரு, பிளாஸ்டிக் டேங்கு. டேங்கு உருண்டு ஓடிச்சி, புடிச்சாந்து வச்சிருக்கேன். அதுக்கும் கரண்டு வேணுமேம்மா."

எழிலரசி ஊருக்குள் நடந்தாள். கம்பங்களில் பாதி சாய்ந்திருந்தன. விளக்குகள் அணைந்தது பேட்டரி செத்ததால். மேலே இருந்த சோலார் பலகைகளுக்கு அதில் சம்பந்தமில்லை. வருஷக்கணக்காக யாருக்கும் பயனில்லாமல் வெயிலில் மின்சாரம் செய்துகொண்டே இருந்தன. புயலில் ஐந்து காணாமல் போயிருந்தன. எட்டு நொறுங்கியிருந்தன. ஒன்பது முழுசாக இருந்தன. மணல்மேட்டு மோட்டாரை ஓட்ட எட்டு போதும் என்று கணக்குப் போட்டாள். கடையில் பழைய இன்வெர்ட்டர் ஒன்று கிடந்தது. அது கேட்கும் இருபத்திநாலு வோல்ட்டுக்கு இரண்டு நல்ல பேட்டரி வேண்டும். ஊரில் அது ஒரே இடத்தில்தான் இருந்தது.

ஊர்த் தலைவர் தாண்டவராயனின் மீன் லாரி, வேப்பமரம் விழுந்து அதனடியில் நின்றது. முன்பக்கம் நசுங்கியிருந்தது, பேட்டரிப் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் லாரிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அரசாங்கத்திலிருந்து கணக்கெடுக்க வருகிறவர்களுக்காகக் காத்திருந்தார்.

"மாமா, ரெண்டு பேட்டரியும் வேணும்" என்றாள். எதற்கு என்று விளக்கினாள்.

அவர் கேட்டு முடித்துவிட்டு, "ஊரு கூட்டத்துல நின்னு அஞ்சு வருஷம்னு சொன்னவ நீதான?" என்றார்.

"ஆமா மாமா."

"நான்தான் கைய தூக்குங்கன்னு சொன்னேன். எல்லாரும் தூக்குனாங்க. பொறவு என்னையும் சேத்துத்தான் சிரிச்சாங்க."

"பேட்டரிக்கு அப்பப்ப தண்ணி ஊத்தணும். அத ஊர்ல யாருக்கும் சொல்லிக்குடுக்கல. ஆள் வருவாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க, நானும் அதயே சொன்னேன். ஆள் வரலன்னு தெரிஞ்சப்பவாவது நான் வந்து சொல்லிக்குடுத்திருக்கணும். வெக்கப்பட்டுக்கினு வரல."

தாண்டவராயன் எழுந்து லாரியின் பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்த்தார். இப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. சண்டைக்குத் தயாராக இருந்தவருக்குச் சண்டை கிடைக்கவில்லை.

"மரத்த அறுக்க மூணு நாள் ஆவும்" என்றார். "மூணு நாள் வச்சிக்கோ. நாலாம் நாள் என் வண்டியில இருக்கணும்."

அன்றைக்கே சிதம்பரம் போய் இன்வெர்ட்டரைக் கேட்டாள். சுப்பராயலு கல்லாவிலிருந்து எழாமலே, "அத எடுத்துக்கினு போ, இங்க எடத்த அடைச்சிக்கினு கெடக்குது. ஆனா எழிலரசி, வேகாத வேல" என்றார். "வெயிலுக்கு எவன் கேரண்டி குடுப்பான்?"

"இன்வெர்ட்டருக்கு நீங்க குடுக்கிறீங்களே சார்."

"அதான் சொல்றேன், கேரண்டியோட லட்சணம் எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

பலகைகளை இறக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். கடலுக்குப் போக வழியில்லாமல் எல்லாரும் கரையில்தான் இருந்தார்கள். சின்னையன் நான்கு பேரைக் கூட்டிவந்தார். பலகைகளைத் தெற்கே பார்த்துச் சாய்த்து நிறுத்தச் சட்டம் வேண்டும். இரும்புக்கு எங்கே போவது? சின்னையன் போய், தன் உடைந்த படகின் முன்பாதியை இழுத்துவரச் செய்தார். மணலில் கவிழ்த்துப் போட்டதும் அதன் ஒரு பக்கம் தெற்கே சரிந்து நின்றது. அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. எட்டுப் பலகைகளையும் அதன்மேல் வைத்து வலைக்கயிற்றால் கட்டினார்கள். முடிச்சுப் போடுவதில் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"போட்ட திரும்ப ஒட்ட முடியாதா நைனா?" என்று எழிலரசி கேட்டாள்.

"நடுவுல பொளந்தது. ஒட்டுனா நம்பிப் போவமுடியாது."

மூன்றாம் தேதி பதினொரு மணிக்கு எல்லாம் இணைத்தாகிவிட்டது. ஊரில் பாதிப்பேர் மணல்மேட்டில் நின்றார்கள். பெண்கள் குடத்தோடு வந்திருந்தார்கள். எழிலரசி சுவிட்சைப் போட்டாள். மோட்டார் ஒரு தடவை உறுமியது. இன்வெர்ட்டர் பீப் என்று கத்தி நின்றுவிட்டது. மறுபடி போட்டாள். அதே உறுமல், அதே பீப். மூன்றாம் தடவையும் அப்படியே. பின்னால் யாரோ சிரித்தார்கள். அதிகம் பேர் சிரிக்கவில்லை. குடங்கள் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை. ஓடத் தொடங்குகிற அந்த நொடியில் மோட்டார் நாலைந்து மடங்கு மின்சாரம் இழுக்கும். பழைய இன்வெர்ட்டர் அதைத் தாங்கவில்லை. பெரிய இன்வெர்ட்டர் கடையில் இருக்கிறது, விற்பனைக்கு. சுப்பராயலு தரமாட்டார். அவ்வளவுதான் என்று ஒயரைக் கழற்றக் குனிந்தாள்.

"இரு இரு" என்றாள் ராசம்மாள். "லோ வோல்டேஜ்ல வர்ற மாதிரிதான் கத்துது?"

"ஏறக்குறைய அப்டித்தான் அக்கா."

"லோ வோல்டேஜ்னா நான் மேல போற பைப்பு வால்வ மூடிட்டுத்தான் சுவிட்சு போடுவேன். மோட்டாரு ஓட ஆரம்பிச்ச பொறவு கொஞ்சம் கொஞ்சமா தொறப்பேன். நீ தொறந்தே வச்சிருக்க."

எழிலரசி அவளை நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீரைத் தூக்காமல் சும்மா சுற்றும்போது மோட்டார் குறைவாகத்தான் இழுக்கும். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படித்த பாடம். அவள் மறந்திருந்தாள். ராசம்மாள் படித்ததே இல்லை, தினம் செய்துகொண்டிருந்தாள்.

ராசம்மாள் வால்வை இறுக்கி மூடினாள். எழிலரசி சுவிட்சைப் போட்டாள். உறுமல், ஒரு தயக்கம், பிறகு மோட்டார் ஓடியது. ராசம்மாள் வால்வைக் கால் திருப்பு திறந்தாள், நின்று காதுகொடுத்தாள், இன்னொரு கால் திருப்பு. பிளாஸ்டிக் டேங்குக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. போன குடங்கள் திரும்பி வந்தன.

அன்று ஒன்றேகால் டேங்க் ஏறியது. மறுநாளிலிருந்து இரண்டு. வீட்டுக்கு இரண்டு குடம் என்று ராசம்மாள் அறிவித்தாள். மூன்றாவது குடத்தோடு வந்தவர்களை அவள் பேசிய பேச்சை இங்கே எழுதமுடியாது. நான்காம் நாள் தாண்டவராயன் மணல்மேட்டுக்கு வந்து பேட்டரிகளைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். "மரம் இன்னும் அறுக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார். மரத்தை அவருடைய ஆட்கள் முந்தின நாளே அறுத்துவிட்டிருந்தார்கள்.

இருபத்தாறு நாள் கழித்து ஊருக்கு மின்சாரம் வந்தது. தாண்டவராயன் பேட்டரிகளை எடுத்துக்கொண்டார். ஊர்க் கூட்டத்தில் பலகைகளைத் தெருவுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொடுப்பதாகப் பேச்சு வந்தது. எழிலரசி சிதம்பரத்தில் இருந்தாள். ஃபோனில் கேட்டு, சரி என்றுதான் சொன்னாள். எதையும் தடுக்கிற எண்ணம் அவளுக்கு இல்லை. ஒரு தடவை ஓடியது, அது போதும் என்று நினைத்தாள். ராசம்மாளுக்குப் போதவில்லை. பிரிக்க வந்த ஆட்களைப் படகுக்குப் பக்கத்தில்கூட அவள் விடவில்லை. பிப்ரவரியிலேயே மின்வெட்டு எட்டு மணி நேரம் ஆனது. மார்ச்சில் பத்து. ஊர்க்கூட்டம் அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கோயில் பணத்தில் இரண்டு பேட்டரி வாங்கினார்கள்.

கடையில் அந்த வருஷம் கூட்டம் தாங்கவில்லை. ஊர் ஊராக இன்வெர்ட்டர் வாங்கினார்கள். எழிலரசி ஒருநாள் சுப்பராயலுவிடம் சொன்னாள்: "சார், கரண்டு வந்ததும் இத்தன இன்வெர்ட்டரும் ஒரே நேரத்துல சார்ஜ் ஏத்துது. அதனாலயே கரண்டு இன்னும் ஜாஸ்தி போவுது. நாம விக்கிறது பள்ளத்த ஆழமாக்குது."

"அதுக்கு? கடைய மூடவா?"

"கூடவே பலகை விக்கலாம்."

அவர் யோசிக்கிறேன் என்றார். ஆறு மாசம் யோசித்தார். ஆகஸ்டில் நான்கு பலகை வாங்கிக் கடை வாசலில் சாய்த்து வைத்தார். அவற்றில் இரண்டு அண்ணாகிராமத்துக்குப் போயின. புயலில் முந்திரித் தோப்பு முழுவதையும் இழந்து புதுக்கன்று வைத்த ஒருவர் வாங்கிப்போனார். மற்ற இரண்டும் தீபாவளிவரை விற்கவில்லை.

அக்டோபர் கடைசியில் இன்னொரு புயல். அது வடக்கே கரையேறியது. இங்கே காற்று அதிகமில்லை, கடல்தான் ஏறியது. மணல்மேட்டின் கிழக்குப் பக்கம் ஒரே வாரத்தில் கரைந்துபோனது. படகுக்கும் அலைக்கும் நடுவே அறுபது அடி இருந்த இடத்தில் இருபத்தைந்து அடிதான் மிஞ்சியது. எழிலரசி அந்த ஞாயிறு போய் நின்று பார்த்தாள். தண்ணீர் இன்னும் உப்புக் கரிக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் கரிக்கலாம். பத்து வருஷத்தில் இந்த மேடே இருக்காது. அதற்குமேல் என்ன என்று கணக்குப் போட அவளுக்குத் தெரியும். போடவில்லை.

"மேக்கால எரநூறு அடி தள்ளி ஒரு எடத்துல மண்ணு நல்லா இருக்குது" என்றார் சின்னையன். அவர் ஏற்கெனவே மண்வெட்டியோடு வந்திருந்தார். "அங்க போர் எறக்கலாம். தலைவர்கிட்ட பேசிட்டேன்."

"அங்கயும் ஒருநாள் கடல் வரும் நைனா."

"வரட்டும். இத எட்டு பேரு தூக்குனா நவுந்துடும். கரண்டு கம்பத்த அப்டித் தூக்க முடியுமா?"

முதலில் பலகைகளை அவிழ்க்கவேண்டும். ராசம்மாள் மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தாள். ஈரத்தில் இறுகிப்போயிருந்த முடிச்சுகளை மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கினார்கள். நேரம் பிடித்தது. வெயில் நன்றாக அடித்தது.